கடிகாரச் சுற்றில் ஏழு அம்புகள்

மேடத்துக்கு முழங்கால் வலி. எனக்கு இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எங்கள் கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நீலச் சட்டையில் கிரீஸ் கறை, சட்டைப்பையில் டெஸ்டர். பத்து நிமிடமாகத் தன் போனை எங்கள் மேஜைமேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"வச்சிடுங்க சார். மேஜை கடிக்காது," என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாலேயே வாயை மூடச் சொல்வதில் அவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். போலீசில் இருந்தவர். கடைசி ஆறு வருடம் போன், கம்ப்யூட்டர் சம்பந்தமான புகார்களைப் படிக்கும் பிரிவில் இருந்தார். பாதியிலேயே வேலையை விட்டுவிட்டு இந்தக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், துப்பறியும் நிலையம் தொடங்கினார். ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "படிச்சு மாளல டவர்," என்றார். 

டவர் என்பது நான்தான். ஆறடி மூன்று அங்குலம். எனக்குப் பெயர் வைத்த அம்மாவே இப்போது டவர் என்றுதான் கூப்பிடுகிறார்.

முன்பெல்லாம் எங்களிடம் வருகிறவர்கள் புகைப்படம் கொண்டுவருவார்கள். காணாமல்போன கணவர், கல்யாணத்துக்கு நிச்சயித்த மாப்பிள்ளை, பக்கத்து வீட்டில் சந்தேகப்படும்படி நடமாடும் ஆள். இப்போது எல்லோரும் போனை எடுத்து எங்கள் பக்கம் திருப்புகிறார்கள். இந்த மாதத்தில் இது ஐந்தாவது போன். முதலில் வந்த பெண்ணின் பெயரில் யாரோ கணக்குத் தொடங்கி, அவளுடைய மாமனார் வரைக்கும் கண்டபடி எழுதித் தள்ளியிருந்தார்கள். அடுத்தவளுடைய நம்பரை ஒரு அசிங்கமான பக்கத்தில் போட்டுவிட்டதால் ஒரே நாளில் இருநூறு அழைப்பு. மூன்றாவது, ஒரு வங்கி ஊழியர். திக்குவாயை யாரோ ஒலிப்பதிவு செய்து பாட்டாக்கிவிட்டார்கள். நான்காவது, நெருங்கிய தோழியிடம் அழுதுகொண்டே சொன்ன ரகசியம் ஊருக்கே போய்ச் சேர்ந்த கதை. நாலு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் அவங்களுக்கு என்ன பண்ணினேன்? 

லிஃப்ட்காரர் கடைசியில் போனை வைத்தார்.

அவர் மனைவி ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறார். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் டேபிள் இன்சார்ஜ் ஆக்கினார்கள். அன்று முதல் எல்லோருக்கும் அவர் டேபிள் அக்கா. பொறுப்பேற்ற அன்று எடுத்த ஒரு படம்தான் வினையாகப் போயிற்று. யாரோ முகம் தெரியாமல் ஒரு பக்கம் தொடங்கி, அந்தப் படத்தில் இருந்து முகத்தை வெட்டி எருமை உடம்பில் ஒட்டினார்கள், பொம்மைக்கு மாட்டினார்கள், பல்லைப் பெரிதாக்கினார்கள். மூன்று வாரத்தில் பதினாலு படம். டேபிள் அக்கா மேனேஜரிடம் புகார் சொன்னார், பக்கம் மறைந்தது. சரி, விட்டது சனி என்று இருந்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் அவரே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் உட்கார்ந்து இன்றோடு பதினாறு நாள். போன வாரத்துக்கு முந்தைய வாரம், அதே பெயரில் இன்னொரு பக்கம் முளைத்துவிட்டது. இதுவரை ஒன்பது படம்.

இன்று மூன்று மணிக்குத் தொழிற்சாலையில் விசாரணை. நேரில் வந்து பேசாவிட்டால் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருக்கிறது.

"வேலை போனா போவுது மேடம்," என்றார் லிஃப்ட்காரர். "எனக்கு வேலையப் பத்தி பயமில்ல. நேத்து பாத்ரூம் தாழ்ப்பாளக் கழட்டிட்டேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல."

மேடம் தண்ணீர் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். இப்போது வீட்டில் யார் என்று கேட்டார். தன் தங்கையை உட்காரவைத்துவிட்டு வந்ததாக அவர் சொன்னார். சாயங்காலம் முதல் வேலையாக எந்த டாக்டரிடம் போகவேண்டும் என்று மேடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதன்பிறகுதான் போனைக் கையில் எடுத்தார்.

ஒன்பது படங்களும் டேபிள் அக்காவே தன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கணவருக்கு அனுப்பியவை. பதவியேற்ற அதே படம்தான், முழு உருவம். ஆனால் இதில் எருமை இல்லை. உடம்பைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள், ஒவ்வொன்றுக்கும் எண், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல். அளவு தப்பு. கறை. தையல் விட்டுப்போச்சு. கீழே குறுக்காக ஒரு முத்திரை: ரிஜெக்ட். ஒன்பதிலும் இதே மாதிரிதான், சொற்கள் மட்டும் மாறின.

நான் பார்த்ததிலேயே இதுதான் மோசமானது. எருமைக்குக்கூட ஒரு மரியாதை இருக்கிறது.

மேடம் என்னை நேரம் குறிக்கச் சொன்னார். ஸ்கிரீன்ஷாட்டின் தலையில் போன் கடிகாரம் தெரியுமே, அந்த நேரம். பத்து நாற்பத்திரண்டு. பதினொன்று ஐந்து. பத்து பதினேழு. எல்லாமே காலை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, 'இரண்டு நிமிடத்துக்கு முன்' என்றோ 'ஒரு நிமிடத்துக்கு முன்' என்றோ இருந்தது. நான் சமர்த்தாக எழுதி வைத்துக்கொண்டேன். எழுதினேனே தவிர, எழுதியதைப் படிக்கவில்லை. என் தொழிலில் இது பெரிய குறை.

"அம்பு ஒண்ணு எங்க இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"கழுத்துல."

"ரெண்டு?"

"தோள்ல. அப்புறம் கை, பாதம், அந்தப் பக்கத்துப் பாதம், கை, தோள். மொத்தம் ஏழு."

"ஒருத்தரக் கிண்டல் பண்றவன் முதல்ல எங்க கை வைப்பான்?"

மூஞ்சியில் என்று சொன்னேன். என் உயரத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் கூட மூக்கில் இருந்துதான் தொடங்குவார்கள். மேடம் தலையாட்டினார். ஒன்பது படத்திலும் ஒரு அம்பு கூட முகத்தில் இல்லை.

தொழிற்சாலை வாசலில் காவலர், உடம்பு விறைப்பாக, மீசை அதைவிட விறைப்பாக நின்றார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு மர அலமாரி. எண் போட்ட சின்னச் சின்னக் குழிகள், குழிக்கு ஒரு போன். புதுச் சட்டை டிசைனை யாரும் படமெடுத்து வெளியே அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடாம். காலை எட்டு மணிக்கு உள்ளே போகும்போது ஒப்படைத்தால் பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வரும். இரண்டாவது போன் வைத்திருந்தால் வாசலில் இருக்கும் மெட்டல் டிடெக்டர் கத்திவிடும். மேனேஜர், எச்.ஆர். அம்மா இவர்கள் இருவர் போன் மட்டும் உள்ளே போகும்.

"என் பொண்டாட்டியே இங்கதான் தைக்கிறா. அவ போனயும் பூட்டித்தான் வச்சிருக்கேன்," என்றார் காவலர்.

"வீட்டுக்குப் போனதும் உங்களப் பூட்டுவாங்களே," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அனுபவம் போலிருக்கிறது.

மேனேஜர் எங்களைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலை தெரிந்தவர், எதையும் சீக்கிரம் முடிக்க நினைக்கிறவர், அவ்வளவுதான். முதல் பக்கம் யாருடையது என்பது தனக்கு அப்போதே தெரியும் என்றார். பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒருத்தன். எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன், எல்லோருக்கும் வேண்டியவன். கூப்பிட்டுத் திட்டி, தன் கண் முன்னாலேயே பக்கத்தை அழிக்கவைத்தாராம். அவன் பெயரை வெளியில் சொல்லவில்லையாம். இரண்டாவது பக்கத்தைத் தான் போடவில்லை என்று பேக்கிங்காரன் கைக்குழந்தை மேல் சத்தியம் செய்கிறான். யார் நம்புவது? இன்று மூன்று மணிக்கு அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் பாடமாக இருக்கும்.

"உண்மையச் சொல்லணும்னா மேடம், இதுல ஒரு கெட்ட வார்த்தை கூட இல்ல," என்றார். "கேலிதானே? நாலு பேர் வேலை செய்யற இடம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். அந்தம்மாவும் கொஞ்சம் கண்டுக்காம விட்டிருக்கலாம்."

"கேலின்னா ரெண்டு பக்கமும் சிரிக்கணும் சார்," என்றார் மேடம். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. இதே வாக்கியத்தை இந்த மாதத்தில் ஐந்தாவது தடவையாகச் சொல்கிறார். "ஒரு சட்டையும், கொஞ்சம் அம்பு ஸ்டிக்கரும் கிடைக்குமா?"

செக்கிங் பிரிவில் ஐந்து நீள மேஜைகள், மேலே வெள்ளை வெளிச்சம். மேடம் முதலில் மேனேஜரிடமே சட்டையைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே பொத்தான்களை இழுத்துப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார், நல்லாத்தானே இருக்கு என்றார். தான் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவன், எச்.ஆர். அம்மாவுக்கும் சட்டையைப் போடத்தான் தெரியும் என்று அவராகவே சொன்னார். அடுத்தது நான். காலரில் தொடங்கி நேராகக் கீழே இறங்கினேன், திரும்ப மேலே வந்தேன், கையை மறந்துவிட்டேன். மூன்று நிமிடத்தில் ஒரு நூல் பிசிறைக் கண்டுபிடித்துப் பெருமையோடு நிமிர்ந்தேன்.

முதல் மேஜையில் தடித்த கண்ணாடி போட்ட பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். கண்ணாடி அக்கா என்று கூப்பிட்டார்கள். அவர் என்னிடமிருந்து சட்டையை வாங்கிப் பரப்பினார். கழுத்தில் கை வைத்தார். அங்கிருந்து தோள், கை, ஓரம், கீழ் மடிப்பு, அந்தப் பக்கத்து ஓரம், கை, தோள். கடிகார முள் போகிற பக்கமாகவே ஒரு முழுச் சுற்று. இருபது விநாடியில் நாலு இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தார்.

"எல்லாருமே இப்படித்தான் பாப்பீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இப்படித்தான் பாக்கணும். இல்லன்னா ஒரு இடம் விட்டுப்போகும். கை பழகிடுச்சுங்க, வீட்ல துணி மடிச்சாலும் இப்படியேதான் சுத்தும்," என்றார் கண்ணாடி அக்கா. தையல் பிரிவுக்கோ பேக்கிங்குக்கோ இந்த வரிசை வராது என்றும் கொஞ்சம் பெருமையாகச் சொன்னார்.

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. ஒன்பது படமும் செக்கிங்காரர்களில் ஒருவருடைய கைவேலை. பேக்கிங்காரன் இல்லை. ஐந்து மேஜைக்குப் பத்துப் பேர். பத்துப் பேரில் ஒருவரைப் பிடிப்பதா கஷ்டம்?

டேபிள் அக்காவோடு இப்போது பேச்சுவார்த்தை உண்டா என்று மேடம் கேட்டதும் கண்ணாடி அக்காவுக்கு அவசரமாக வேலை வந்துவிட்டது. பக்கத்து மேஜைகளும் அமைதியாகிவிட்டன. சீனியர்கள் இருக்கும்போது அவளுக்கு எப்படிப் பொறுப்பு வந்தது என்று முன்பே ஒரு புகைச்சல் இருந்திருக்கிறது. அதற்குமேல், எல்லோருக்கும் வேண்டிய பேக்கிங்காரனை மாட்டிவிட்டாள் என்பதும் சேர்ந்துகொண்டது. பெயரைச் சொல்லாவிட்டால் என்ன, மேனேஜர் அறையிலிருந்து அவன் அழுதுகொண்டு வெளியே வந்ததை எல்லோரும்தான் பார்த்தார்களே.

"எங்களுக்கு அவமேல ஒண்ணுமில்லங்க," என்றார் கண்ணாடி அக்கா, சட்டையைப் பார்த்தபடி. "நாங்க யாரும் அவள ஒரு வார்த்தை சொன்னதில்ல."

வெளியே வரும்போது நான் பத்துப் பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திவிட்டேன். கண்ணாடி அக்காவை முதலில் நிறுத்தினேன். மேடம் வாசலில் அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டார். முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

"மணி என்ன டவர்?"

"பதினொண்ணே கால்."

"அந்தப் படமெல்லாம் எத்தன மணிக்கு வந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். பத்து, பத்தரை, பதினொன்று. அந்த நேரத்தில் பத்துச் செக்கிங்காரர்களின் போனும் இதோ, என் கண் முன்னால், பூட்டுக்குள் இருக்கின்றன. உள்ளே போன் வைத்திருக்கும் இரண்டு பேருக்குச் சட்டை பார்க்கத் தெரியாது.

"எல்லாக் குழியிலயும் போன் இருக்கே, அந்த முப்பத்தொண்ணு மட்டும் ஏன் காலி?" என்று மேடம் காவலரிடம் கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்குப் பதில் தெரியும் என்பது புரிந்தது.

"அது டேபிள் அக்காவோடது. பதினாறு நாளா வரலையே," என்றார் காவலர்.

வண்டியில் ஏறியதும் நான் என் சீட்டை எடுத்து, எழுதியதை முதல் தடவையாகப் படித்தேன். ஒரு நிமிடத்துக்கு முன். இரண்டு நிமிடத்துக்கு முன். படம் வந்த இரண்டு நிமிடத்துக்குள், ஒன்பது தடவையும், தவறாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார். எப்போது வரும் என்று தெரிந்தவரால்தான் அது முடியும்.

"தப்பா இருக்கட்டும் மேடம்," என்றேன்.

"நானும் அதத்தான் வேண்டிக்கிட்டு வர்றேன்," என்றார்.  வழியெல்லாம் ஜோக்கடிக்க எனக்கு மனம் வரவில்லை.

வீடு முதல் மாடியில் இருந்தது. ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். லிஃப்ட்காரரின் தங்கை கதவைத் திறந்துவிட்டு, கடைக்குப் போய்வருவதாகச் சொல்லி இறங்கிப் போனாள். டேபிள் அக்கா சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தலை படிய வாரியிருந்தார், துவைத்த புடவை கட்டியிருந்தார், பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. போனை மடியில் குப்புற வைத்திருந்தார்.

மேடம் என்னைச் சமையலறைக்குத் தேநீர் போட அனுப்பினார். லிஃப்ட்காரரையும் என்னோடு அனுப்பினார். இரண்டு பேரும் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றோம். கதவில்லாத சமையலறை, எல்லாம் காதில் விழுந்தது.

மேடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "ஒம்போதும் நீங்க போட்டதுதானேம்மா?"

 எனக்குப் பக்கத்தில் லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கூடத்துக்கு ஓடப் பார்த்தவரைத் தோளில் கை வைத்து நிறுத்தினேன்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க கை சுத்தி வந்திருக்கு. கழுத்துலருந்து தோள், அங்கருந்து கை."

கூடத்திலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு டேபிள் அக்கா பேச ஆரம்பித்தார். பதினாறு நாளாக வாயைத் திறக்காதவர் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

"முதல்ல அந்தப் பதினாலு படம் வந்தப்ப எல்லாரும் நம்பினாங்க மேடம். பாவம்னு சொன்னாங்க. படம் போனதும் முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க. முடியல மேடம். அப்பதான் ஆரம்பிச்சுது. நான் போய் உக்காந்தா சாப்பாட்டு மேஜை காலியாவும். குட் மார்னிங் சொன்னா சட்டையப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. மேனேஜர் சார்கிட்ட போய்ச் சொன்னேன். என்ன சொன்னாங்க, எழுதிக் காட்டுங்கன்னார். ஒண்ணுமே சொல்லலையே, எத எழுதிக் காட்டுவேன்? இவர்கிட்ட சொன்னேன். அதான் படம் நின்னுபோச்சே, அப்புறம் என்னன்னார்."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார்.

"அதனால படம் போட்டீங்க."

"படம் இருந்தாதான் நம்புறாங்க. என்ன எழுதறதுன்னு யோசிக்கவே இல்ல மேடம். பதினோரு வருஷமா எழுதற வார்த்தைங்கதான். எழுதினதும் உண்மைதானேன்னு தோணிச்சு."

 லிஃப்ட்காரர் என் கையைத் தள்ளிவிட்டுக் கூடத்துக்குப் போய், மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். 

 மேடம், அந்த ஒன்பது படத்துக்காக இன்று மூன்று மணிக்குப் பேக்கிங்காரன் வேலை போகப்போகிறது என்று சொன்னார். டேபிள் அக்கா நிமிர்ந்தார். அது அவருக்குத் தெரியாது. முகத்தில் முதலில் பயம் தெரிந்தது, பிறகு கொஞ்சம் பிடிவாதம்.

"அவன்தானே மேடம் ஆரம்பிச்சான்."

"ஆமா. அந்தப் பதினாலுக்கு அவன நிக்கவச்சுக் கேளுங்க, நானும் கூட நிக்கிறேன். இந்த ஒம்போதுக்கு வேணாம். நாமளே வாயத் திறந்து சொல்லிடணும். வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொன்னா, அப்புறம் நீங்க பட்டது எதையுமே ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

"சொன்னா மட்டும்? நடிச்சேன்னு சொல்லுவாங்க. எங்கிட்ட காட்ட ஒண்ணுமே இல்ல மேடம்."

வேலை விஷயமெல்லாம் எதில் பேசிக்கொள்வீர்கள் என்று மேடம் கேட்டார். வாட்ஸ்அப்பில் செக்கிங் குரூப் ஒன்று இருக்கிறது என்றார் டேபிள் அக்கா. இன்சார்ஜ் ஆனதும் அதன் அட்மின் பொறுப்பும் தனக்கு வந்ததாம். இப்போது அதில் யாரும் இல்லை என்று சொல்லிப் போனை நீட்டினார். யாரும் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை மேடம், பாருங்கள், திட்டக்கூட இல்லை என்றார்.

தேநீரை மறந்து நானும் எட்டிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது, வேலைக்குப் போன நாட்களில் காலையில் அவர் போட்டிருந்த செய்திகள். முதல் மேஜைக்கு இன்று இவர், இரண்டாவது மேஜைக்கு இவர், புது நூலைக் கவனிக்கவும். அந்தக் குரூப்பில் அவரைத் தவிர ஒருவரும் இல்லாதபோதும், வேலைக்குப் போன கடைசி நாள் வரை, தினமும் போட்டிருந்தார். மேடம் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"புடவை மாத்தணும்னா மாத்திக்கோங்க," என்றார். "மணி ரெண்டாகப்போவுது."

மூன்று மணிக்கு அதே கண்ணாடி அறை. விசாரணைக்கு வேண்டும் என்று எச்.ஆர். அம்மாவிடம் கேட்டு, டேபிள் அக்காவின் போனை மேடம் உள்ளே கொண்டுவரவைத்திருந்தார். மேனேஜர், எச்.ஆர். அம்மா, நாங்கள், லிஃப்ட்காரர், டேபிள் அக்கா. மூலையில் பேக்கிங்காரன் கைகட்டி நின்றான். மூன்று நாள் தாடி, யாரையும் சிரிக்கவைக்கிற முகமாகத் தெரியவில்லை.

டேபிள் அக்கா உட்காரவில்லை. இரண்டாவது பக்கம் தன்னுடையது, ஒன்பது படமும் தான் போட்டது, இவனுக்கு அதில் சம்பந்தமில்லை என்று ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிக்கொண்டே போனை எடுத்து, எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தை அழித்தார். பேக்கிங்காரன் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான். எச்.ஆர். அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார். ஒரு பெருமூச்சு விட்டார். அதில் பாதி பரிதாபம், பாதி நிம்மதி. பாவம், உடம்பு சரியில்லை, ஓய்வெடுக்கட்டும், இதைப் பெரிதுபடுத்தவேண்டாம், இன்சார்ஜ் பொறுப்பை மட்டும் இப்போதைக்கு வேறு யாரிடமாவது என்று ஆரம்பித்தார். எல்லாம் கோப்பை மூடுகிற குரலில்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் மேடம். "நீங்கதான் எழுதிக் காட்டச் சொன்னீங்களாம். காட்டட்டும்."

டேபிள் அக்கா செக்கிங் குரூப்பைத் திறந்து போனை மேஜைமேல் வைத்தார். மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, இதில் யாரும் ஒன்றும் எழுதவில்லையே என்றார். ஆமாம், எழுதவில்லை, இருப்பதை மட்டும் நேரத்தோடு வாசியுங்கள் என்றார் மேடம். இந்த வரிகள் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் போனவர்கள் சத்தமில்லாமல் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எச்.ஆர். அம்மாவுக்கும் விளக்கினார். அந்த வரிகளில் இருந்த தேதி, பேக்கிங்காரனை அறைக்குள் கூப்பிட்டுத் திட்டிய அதே நாள், சாயங்காலம்.

மேனேஜர் வாசித்தார். ஏதோ சரக்குப் பட்டியலை வாசிக்கிற மாதிரிதான் தொடங்கினார்.

"ஆறு பன்னெண்டு. கண்ணாடி அக்கா வெளியேறினார். ஆறு பன்னெண்டு. ரெண்டாவது டேபிள் வெளியேறினார். ஆறு பதிமூணு. சின்னவ வெளியேறினார். ஆறு பதிமூணு. நூல் ஸ்டோர் அண்ணன் வெளியேறினார்."

மேடம் மெதுவாகக் குறுக்கிட்டார். ஒரே நிமிடத்தில் இரண்டிரண்டு பேர் என்றால் முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே புதுக் குரூப் தயாராக இருந்திருக்கிறது என்றார். அடிக்கிறதும் திட்டுகிறதும் படம் போடுகிறதும் மட்டும்தான் கொடுமை என்று புகார்த்தாளில் எழுதியிருக்கும். ஒருத்தரை நடுவில் நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்துபோவதற்கு அதில் கட்டமே கிடையாது, ஆறு வருடம் அந்தத் தாளைப் படித்தவள் நான் என்றார். யாரையும் குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

மேனேஜர் தொடர்ந்தார். இப்போது வேகம் குறைந்திருந்தது. பதினான்கு, பதினைந்து, பதினாறு பெயர்கள். வெளியே தையல் எந்திரங்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆறு பத்தொம்பது," என்று வாசித்தவர் நிறுத்திவிட்டார்.

 எச்.ஆர். அம்மா பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது என்ன என்று கேட்டார்.  எச்.ஆர். அம்மா எட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்து, தானே வாசித்தார்.

"ஆறு பத்தொம்பது. மேனேஜர் சார் வெளியேறினார்."

மேனேஜரின் முகம் சிவந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். புதுக் குரூப்பில் என்னைச் சேர்த்தார்கள் அம்மா, எல்லோரும் அதில் இருக்கிறார்கள் என்றார்கள், இரண்டு குரூப் எதற்கு என்று இதிலிருந்து வந்துவிட்டேன், வேறு ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். பதினேழு பேரைக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

டேபிள் அக்கா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

"அதுல நான் இல்லன்னு கவனிச்சீங்களா சார்?"

  மேனேஜருக்குப் பதில் தெரியும் என்பது அறையிலிருந்த மற்ற ஆறு பேருக்கும் தெரிந்தது. எச்.ஆர். அம்மா கோப்பில் ஒரு புதுத் தாளை எடுத்து வைத்து, தேதி போட்டு, டேபிள் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்லருந்து சொல்லுங்க," என்றார்.

டேபிள் அக்கா உட்கார்ந்து, பேச ஆரம்பித்தார்.